“நல்லா குலுக்குங்க, சரியாயிடும்”: மருந்துக்கடையில் ஏமாந்த கதை

போன வாரம் மூன்று வயது மகளுக்குக் காய்ச்சல். எடை 12 கிலோ. 5 மில்லிக்கு 250 மில்லிகிராம் உள்ள பாராசிட்டமால் சிரப், வேளைக்கு 3.5 மில்லி என்று டாக்டர் எழுதினார். தெருமுனைக் கடையில் வாங்கினேன். அவசரத்தில் பில் கேட்கவில்லை.

குலுக்கிவிட்டுத்தான் கொடுத்தேன். இரண்டு வேளை ஆகியும் 102 இறங்கவில்லை. சந்தேகப்பட்டு பாட்டிலைக் கவிழ்த்து செல்போன் டார்ச் அடித்தால், அடியில் சுண்ணாம்பு அப்பினது போல ஒரு வெள்ளை வட்டு. ஈர்க்குச்சியால் குத்தினேன், கல் மாதிரி இருந்தது. பாராசிட்டமால் தண்ணீரில் கொஞ்சம்தான் கரையும், மிச்சம் தூளாக மிதக்க வேண்டியது. அந்தத் தூள்தான் அடியில் கிடந்தது. பிள்ளை குடித்தது பெரும்பாலும் இனிப்புத் தண்ணீர்.

கடைக்காரரிடம் காட்டினேன். “எல்லா சிரப்பும் அடியில தங்கும் சார், நல்லா குலுக்குங்க” என்றார். பாதி உண்மை, அதனால்தான் நம்பத் தோன்றுகிறது. தங்குவது தப்பே இல்லை. நல்ல சஸ்பென்ஷனில், அதாவது கரையாத தூள் மிதக்கும் இந்த மாதிரி மருந்தில், துகள்கள் பஞ்சு மாதிரி லேசாகக் கோத்துக்கொண்டு இறங்கும். சீக்கிரமே தெளிந்துவிடும், ஆனால் நாலு குலுக்கில் கலந்துவிடும். கோத்துக்கொள்ளாமல் தனித்தனியாக மெதுவாக இறங்குபவைதான் வம்பு. பெரிய துகள்களின் இடுக்கில் சின்னவை போய் அடைந்து இறுகிவிடும். அப்புறம் குலுக்கி என்ன பயன்? இதைவிடப் பயம், பாட்டில் தீரும் நேரத்தில் அந்த வட்டு பெயர்ந்தால் அதே 3.5 மில்லியில் அளவுக்கு மிஞ்சிய மருந்து உள்ளே போகும்.

அவர் கடையில் சிரப்பெல்லாம் மத்தியான வெயில் விழும் ஷட்டர் ஓரத் தட்டில். பகல் சூட்டில் நுண்துகள் கரைந்து, இரவுக் குளிரில் பெரிய துகள்மேல் படிந்து படிந்து பருத்துவிடும். அதுதான் காரணமா, தயாரிப்பிலேயே கோளாறா, என்னால் நிரூபிக்க முடியாது. மாற்றித் தரச் சொன்னதும் “பில் இருக்கா?” என்றார். வாயடைத்துப் போனேன்.

வேறு கடையில் வேறு பாட்டில் வாங்கினேன், இந்தத் தடவை பேட்ச் எண் போட்ட பில்லோடு. 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் 26-வது பிரிவுப்படி, வாங்கியவரே கட்டணம் கட்டி அரசுப் பகுப்பாய்வாளரிடம் மருந்தைச் சோதிக்கக் கொடுக்கலாம் என்பது பிறகுதான் தெரிந்தது. வாங்கும்போதே கடையில் நின்று பாட்டிலைக் கவிழ்த்துப் பாருங்கள், கூச்சப்படாதீர்கள்.

பழைய பாட்டில் அலமாரியில் தலைகீழாக நிற்கிறது. ஐந்து நாள் ஆகிறது, வட்டு இன்னும் விழவில்லை.