ஸ்டோரிவீவர் தமிழ்க் கதைகள்: மொரீஷியஸ் வகுப்பறையில் எவ்வளவு தூரம் ஓடும்?

இந்தியாவின் இலாபநோக்கற்ற சிறுவர் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையத்தளத்தைச் சின்னப் பிள்ளைகளுக்கான கதைக் கிடங்கு என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. மொரீஷியஸில் கிரேட் 4, 5, 6க்குத் தமிழ் எடுக்கும் ஆசிரியருக்கு அது வேறு விதத்தில் பயன்படும். அங்குள்ள கதைகளில் பெரும்பாலானவை கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய் 4.0 உரிமத்தில் (படைத்தவர் பெயரைக் குறிப்பிட்டால் யாரும் பயன்படுத்தலாம் என்ற உரிமம்) உள்ளவை. ஆகவே கதையை வெட்டலாம், சுருக்கலாம், மாற்றி எழுதலாம், வகுப்பு முழுக்க அச்சிட்டுக் கொடுக்கலாம். அனுமதி கேட்டு யாருக்கும் கடிதம் எழுத வேண்டாம், காசும் கட்ட வேண்டாம். அறிவியல், கணிதம், சுற்றுச்சூழல் என்று வகை பிரித்துத் தேட முடிவதால், ஒரே கதையில் மொழியையும் இன்னொரு பாடத்தையும் சேர்த்து நடத்தலாம்.

ஆனால் இறக்கி, அச்சடித்து, அப்படியே கையில் கொடுத்தால் பாடம் படுத்துவிடும். சிக்கல் நிலைகளில் இருக்கிறது. தளத்தில் நான்கு நிலைகள்: முதல் நிலை 250 சொல் வரை, இரண்டாம் நிலை 600 வரை, மூன்றாவது 1500 வரை, நான்காவது அதற்கு மேல். கதையின் மொழியை வீட்டிலேயே பேசும் பிள்ளைக்குத்தான் இவை பொருந்தும். இங்கே வீட்டில் பிரெஞ்சிலிருந்து பிறந்த உள்ளூர் மொழியான கிரியோல், அறிவியல் புத்தகத்தில் ஆங்கிலம், தமிழுக்கு வாரத்தில் சில பாடவேளைகள். கிரேட் 5 மாணவர் சிரமமில்லாமல் வாசிப்பது முதல் நிலையைத்தான். அந்த நிலைக் கதைகளோ பூனைக்குட்டி, பலூன், பாட்டி வீட்டு மாடி என்று இருக்கும். பத்து வயசுக்காரர் இரண்டாம் பக்கத்திலேயே கொட்டாவி விடுவார். அவர் வயதுக்கேற்ற விஷயம், அதாவது நீர் எங்கே போகிறது, எறும்பு எப்படி வழி கண்டுபிடிக்கிறது போன்றவை, மூன்றாம் நிலையில் கிடக்கின்றன. அங்கே மொழி எட்டாது.

வழி இதுதான்: மூன்றாம் நிலைக் கதையை எடுத்து மொழியை மட்டும் இறக்குவது. இதற்கென்றே தளத்தில் நிலை மாற்றும் வசதி இருக்கிறது. படங்கள் அப்படியே நிற்கும், எழுத்தை மட்டும் மாற்றலாம். 900 சொல் கதையை 200, 250க்குக் கொண்டுவரும்போது முதலில் உடைக்க வேண்டியது எச்சத் தொடர்களை. 'ஓடிவந்து எட்டிப்பார்த்துவிட்டுத் திரும்பிய மீனா' என்பதை மூன்று சிறு வாக்கியங்களாக்குங்கள். உவமைகளையும் ஒலிக்குறிப்புகளையும் தள்ளிவிடலாம். பாடச் சொற்களைத் தள்ளக் கூடாது. ஆவியாதல், மேகம், அளவு, சராசரி ஆகியவை கட்டாயம் இருக்கட்டும். புதுச் சொல் ஆறுக்கு மேல் போக வேண்டாம். எளிமை என்ற பெயரில் பாடச் சொல்லையும் எடுத்துவிட்டால் பிறகு அறிவியல் எங்கே இருக்கும்?

பேச்சுநடையும் கவனிக்க வேண்டியது. சில கதைகளில் உரையாடல் 'வாங்கிட்டு வந்துட்டேன்' என்ற பாணியில் வரும். மகாத்மா காந்தி நிறுவனத்தின் பாடநூலில் எழுத்துத் தமிழை மட்டுமே பார்த்த பிள்ளைக்கு இது வேறு மொழி மாதிரி. ஒன்றிரண்டு இடத்தில் விட்டுவைத்து நடித்துக் காட்டலாம். மீதியை எழுத்துநடைக்கு மாற்றுவது நல்லது. யார் வேண்டுமானாலும் மொழிபெயர்த்து ஏற்றக்கூடிய தளம் என்பதால் தரமும் ஏறி இறங்கும். தேடும்போது பதிப்பகத்தின் பெயரால் வடிகட்டினால் பிழை திருத்தப்பட்ட நூல்கள் முதலில் கிடைக்கும்.

மழை பற்றிய கதைகள் தமிழில் நிறைய. நான்கு பாடவேளைகளுக்கு நீட்ட மிக வசதியான பொருளும் அதுதான். முதல் வேளையில் சுருக்கிய கதையை வாசித்து, சொல் அட்டைகளைப் படங்களோடு பொருத்த வைக்கலாம். இரண்டாம் வேளை மழைமானி. 1.5 லிட்டர் குளிர்பானப் போத்தல் போதும். பக்கம் நேராக உள்ளதாகப் பாருங்கள்; வளையம் வளையமாக மடிப்பு உள்ள தண்ணீர்ப் போத்தலில் விட்டம் மாறிக்கொண்டே இருப்பதால் கணக்குத் தப்பும். கழுத்து முடிந்து உடல் நேராகும் இடத்தில் வெட்டி, மேல்துண்டைக் கவிழ்த்துப் புனலாகச் செருகவும். போத்தலின் அடி தட்டையாக இருக்காது. கூழாங்கல் போட்டுத் தண்ணீரால் நிரப்பி அதையே பூஜ்ஜியக் கோடாக வைக்கச் சொல்வது வழக்கம். இங்கே அது வேண்டாம்: தேங்கும் நீரில் கொசு முட்டையிடும். 2005-06 சிக்குன்குன்யாவைக் கண்ட தீவு இது. கொஞ்சம் சிமென்ட் கரைத்து ஊற்றிச் சமமாக இறுகவிட்டால் போதும். அந்த மட்டத்திலிருந்து மில்லிமீட்டர் பட்டையை ஒட்டி, பட்டைமேல் செலோடேப் சுற்றவும். மணல் நிரப்பிய வாளிக்குள் போத்தலைப் பாதி புதைத்தால் காற்றுக்குச் சாயாது. மாமரத்தடியிலோ சுவரோரத்திலோ வைத்தால் அளவு பொய்யாகும். பக்கத்துத் தடை எவ்வளவு உயரமோ அதைப் போல் இரு மடங்கு தூரம் தள்ளி வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில் அளந்து கொட்டிவிட வேண்டும்.

மூன்றாம் வேளை கணக்கு. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர். 10 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலமுள்ள கூரையில் 25 மில்லிமீட்டர் பெய்தால் 2000 லிட்டர். இதைக் கிரேட் 5 பிள்ளை தானே கண்டுபிடிக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். பிறகு புவியியல்: மேற்குக் கரையில் ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர், நடு மேட்டுநிலத்தில் 4000 வரை. இத்தனை சின்னத் தீவில் ஏன் இந்த வித்தியாசம்? தென்கிழக்கிலிருந்து வரும் காற்று, மேடு, மேகம் என்று பலகையில் ஒரு படம் போட்டால் விளங்கிவிடும். 12 மணி நேரத்துக்குள் 100 மில்லிமீட்டர் என்ற கனமழை எச்சரிக்கை அளவையும் போத்தலில் சிவப்புக் கோடாகப் போடலாம். நான்காம் வேளையில் ஐந்து வாக்கியத்தில் வானிலை அறிக்கை, தமிழில், எழுந்து நின்று வாசிக்க.

கதையில் வரும் பருவத்தை மட்டும் முன்கூட்டியே திருத்திவிடுங்கள். தமிழ்நாட்டுக் கதையில் ஐப்பசியில் அடைமழை. இங்கே அக்டோபர்தான் ஆண்டிலேயே வறண்ட மாதம். சித்திரை வெயில் என்று வரும். இங்கே சித்திரையில் கோடை முடிகிறது. தைப்பூசக் காவடி கொளுத்தும் வெயிலில் போவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குத் தை மாதப் பனி என்றால் சிரிப்புத்தான் வரும். மாதப் பெயரை மாற்றலாம். இல்லை, மாற்றாமல் விட்டு 'ஏன் பொருந்தவில்லை?' என்று கேட்கலாம். கிரேட் 6க்கு இரண்டாவதே சுவையானது. பூமியின் சாய்வு பற்றிய பாடம் அங்கேயே தொடங்கிவிடும்.

அச்சில் ஒரு நுணுக்கம். இந்தக் கதைப் பக்கங்கள் பெரும்பாலும் படுக்கைவாட்டில் இருப்பதால் ஏ4 தாளை மடித்துப் புத்தகமாக்கினால் எழுத்து நுணுங்கிப்போகும். ஒரு தாளில் மேலும் கீழுமாக இரண்டு பக்கம் வரும்படி அமைத்து, பக்க எண்களை 1,1,2,2 என்று கொடுங்கள். இருபக்க அச்சில் நீள விளிம்பில் புரட்டும் தேர்வை வையுங்கள். நடுவில் வெட்டினால் ஒரே நேரத்தில் இரண்டு பிரதிகள் தயார். இடப்பக்கம் இரண்டு ஸ்டேப்ளர் முள் போதும். கடைசியில் எழுதியவர், வரைந்தவர் பெயர்கள் உள்ள பக்கங்களைத் தாள் மிச்சம் பிடிக்க எடுத்துவிடாதீர்கள். பெயர் குறிப்பிடுவது உரிமத்தின் நிபந்தனை. மாற்றியிருந்தால் மாற்றியதையும் சொல்ல வேண்டும். பிடிஎஃப் கோப்பிலிருந்து தமிழை நகலெடுத்தால் கொம்பும் காலும் இடம் மாறி விழக்கூடும், ஆகவே திருத்தத்தைத் தளத்திலேயே செய்து முடிக்கவும்.

கிரேட் 7 முதல் 9 வரைக்கு இதை நம்பி இறங்க வேண்டாம். பொருள் அவர்கள் பாடத்திட்டத்துக்கு மெலிந்தது. படக்கதை என்ற கூச்சமும் சேர்ந்துகொள்ளும். அவர்களிடம் கதையைக் கொடுத்துக் கிரேட் 4க்கு ஏற்றபடி சுருக்கித் தரச் சொன்னால் வேலை நன்றாக நடக்கிறது. அறிவியலுக்கு கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் மாதிரிகள் (கணினித் திரையில் மாற்றி மாற்றிச் செய்து பார்க்கும் சோதனைகள்) பொருத்தம். பலவற்றுக்குத் தமிழ் வடிவம் உண்டு, ஒரு முறை இறக்கிவைத்தால் இணையம் இல்லாமலும் ஓடும். அவற்றில் தமிழ் என்று இருப்பது பொத்தான்களின் பெயர்கள்தான். ஆகவே வாசிப்புத் தாளை ஆசிரியரே எழுத வேண்டியிருக்கும்; ஒரு மாதிரிக்கு அரைப் பக்கம் தாராளம்.