டெர்மினல் டிரைவரில் பக்: பிரிண்ட்கேயா, கேஜிடிபியா, கீமுவா, எஃப்ட்ரேஸா?

பல் டாக்டர் வாய்க்குள் இரண்டு கருவியையும் ஒரு பஞ்சையும் வைத்துவிட்டு, ஊரில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்பார். நாமும் ஆ, ஊ என்று எதையாவது சொல்லி வைப்போம். லினக்ஸின் மையமான கெர்னலில், கம்பி வழியாக எழுத்து எழுத்தாகப் பேசும் சீரியல் டெர்மினல் பக்கம் கை வைப்பது ஏறக்குறைய அப்படித்தான். வேறு எந்த டிரைவரில் கோளாறு என்றாலும் கெர்னல் கன்சோலில், அதாவது தன் சேதிகளைக் காட்டும் திரையில், புலம்பும், நாம் உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம். இங்கே கோளாறே அந்த வாயில்தான்.

அதனால் இந்த வேலைக்குக் கருவி தேடும்போது எது வசதி, எது புதுசு என்பதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நான் முதலில் கேட்பது, நான் பிரித்துப் போட்டிருக்கும் அதே பாதையிலா இந்தக் கருவியும் சேதி அனுப்புகிறது என்பதை. அடுத்தது, இது உள்ளே வந்து உட்கார்ந்தால் நேரக் கணக்கு எவ்வளவு கெடும் என்பதை. இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பாதிச் சண்டை முடிந்துவிடும்.

பொதுவாகப் பேசினால் எல்லாக் கருவியும் நல்ல கருவியாகத்தான் தெரியும், அதனால் இரண்டு நிஜ பக்குகளை வைத்தே பேசுகிறேன்.

முதலாவது தமிழ் சம்பந்தப்பட்டது. ஷெல்லில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட், ‘பெயர்:’ என்று கேட்டு ஓர் இடைவெளி விட்டு நிற்கிறது. ‘அண்ணன்’ என்று அடிக்கிறீர்கள். திரையில் நான்கு இடம் பிடிக்கிறது, ஆனால் உள்ளே ஆறு யூனிகோட் குறியீடுகள், 18 பைட், ஏனென்றால் இரண்டு புள்ளிகளும் தனித்தனிக் குறியீடுகள். இப்போது பேக்ஸ்பேஸால் அழித்துக்கொண்டே வாருங்கள். புள்ளிக்குத் தனி இடம் கொடுக்காத டெர்மினலில் பெயர் அழிந்த பிறகும் கர்சர் நிற்காமல், கேள்வியில் இருந்த இடைவெளியையும் முக்காற்புள்ளியையும் சேர்த்துத் தின்றுவிடும். இதைச் செய்வது ஷெல் இல்லை, கெர்னலுக்குள் இருக்கும் லைன் டிசிப்ளின், அதாவது என்-டிடிஒய். வரி முடியும்வரை எழுத்துகளைச் சேர்த்து வைப்பது, பேக்ஸ்பேஸ் வந்தால் அழிப்பது, திரையில் எதிரொலிப்பது எல்லாம் அதன் பொறுப்பு.

இரண்டாவது வன்பொருள் பக்கம். ஒரே கோர் உள்ள சின்ன போர்டு, 16550ஏ வகை யூஆர்ட் (சீரியல் கம்பியில் எழுத்துகளை அனுப்பி வாங்கும் சில்லு), வேகம் 115200 பாட், அதாவது வினாடிக்கு அத்தனை பிட். கையால் தட்டினால் எல்லாம் சரியாக இருக்கிறது. நீளமான உள்ளமைவுக் கோப்பு ஒன்றை அப்படியே பேஸ்ட் செய்தால் நடுநடுவே எழுத்துகள் காணாமல் போகின்றன, அதுவும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில். சில வருடங்களுக்கு முன் நான் இதில் மாட்டிக்கொண்டு மூன்று நாள் விட்டேன்.

சரி, பிரிண்ட்கே, கெர்னலுக்குள்ளிருந்து சேதி அச்சடிக்கும் செயல்பாடு. எல்லாரும் முதலில் எடுப்பது இதைத்தான், நானும்தான். வழியில் ஒரு வரி போட்டு, கம்பைல் செய்து, பூட் செய்து, என்ன அச்சாகிறது என்று பார்ப்பது. வேறு டிரைவர்களில் இதை யாராவது கேலி செய்தால் நான் சண்டைக்கு வருவேன், முக்கால்வாசி பக்குகள் இதிலேயே பிடிபட்டுவிடும். ஆனால் யூஆர்ட் டிரைவரின் இன்டரப்ட் கையாளிக்குள் (வன்பொருள் கூப்பிட்டதும் ஓடும் நிரல்), அந்த யூஆர்ட்டே கன்சோலாகவும் இருக்கும்போது, ஒரு பிரிண்ட்கே போட்டுப் பாருங்கள். கையாளி போர்ட்டின் லாக்கை, அதாவது ஒரு நேரத்தில் ஒருவரே தொடலாம் என்ற பூட்டை, பிடித்திருக்கிறது. பிரிண்ட்கே சேதியை அச்சடிக்கக் கன்சோலின் ரைட் செயல்பாட்டை அழைக்கிறது. அதுவும் அதே லாக்கைக் கேட்கிறது. லாக்கை விடவேண்டியவர் வரிசையில் நிற்பவரேதான், அப்புறம் யார் விடுவது? என் திரையில் அதற்கு முந்தைய சேதியோடு எல்லாம் அப்படியே நின்றது. நான் கேபிள் லூஸ் என்று நினைத்து அரை மணி நேரம் கேபிளை மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டிருந்தேன்.

கெர்னல்காரர்களுக்கு இது தெரியாததில்லை. சீரியலில் சிஸ்ஆர்க்யூ எழுத்து (கெர்னலுக்கே நேரடியாக இடும் அவசரக் கட்டளை) வந்தால் உடனே அதைச் செயல்படுத்தாமல் குறித்து வைத்துக்கொண்டு, லாக்கை விட்ட பிறகே செயல்படுத்தும்படி அந்தக் கோடு (நிரல்) எழுதப்பட்டிருப்பது இந்தப் பயத்தில்தான்.

சரி, லாக்குக்கு வெளியே போட்டால்? டெட்லாக், அதாவது அந்த முட்டுக்கட்டை, வராது, ஆனால் கணக்கைப் பாருங்கள். 115200 பாட்டில் ஓர் எழுத்துக்கு ஸ்டார்ட், ஸ்டாப் பிட்டோடு சேர்த்துப் பத்து பிட், ஆக ஏறக்குறைய 87 மைக்ரோவினாடி. 80 எழுத்து உள்ள ஒரு சேதி வெளியே போக 7 மில்லிவினாடி. பழைய பாணி 8250 கன்சோல் அந்த 7 மில்லிவினாடியும் இன்டரப்ட்டை மூடி வைத்துக்கொண்டு எழுதும். அதே நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து 80 எழுத்து வந்து சேரும், ஆனால் வாங்கி வைக்கும் ஃபிஃபோ என்ற சின்ன வரிசையில் இடம் 16 எழுத்துக்குத்தான். அதாவது எழுத்து தொலைகிறதா என்று பார்க்கப் போட்ட வரியே எழுத்தைத் தொலைக்கிறது. என்னுடைய மூன்று நாளில் முதல் நாள் முழுக்க, நானே உண்டாக்கிய பக்கை நானே துரத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

5.10 கெர்னலில், 2020 இல், பிரிண்ட்கேயின் உள் பஃபர் லாக் இல்லாததாக மாறியது. சேதியைச் சேமிப்பது அதற்கப்புறம் பிரச்சினையே இல்லை. வெளியே கொட்டுவதுதான் இன்னமும் தலைவலி. பிரிண்ட்கேதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் கன்சோல் அளவைக் குறைத்துவிட்டு, சேதிகள் பஃபரில் மட்டும் விழும்படி வைத்து, பிறகு டிமெஸ்ஜி கட்டளையில் படித்துக்கொள்ளலாம். இரண்டாவது யூஆர்ட் இருந்தால் கன்சோலை அங்கே தள்ளிவிடுவது இன்னும் நல்லது, டெட்லாக் போய்விடும். ஒரே கோர் என்றால் அந்த 7 மில்லிவினாடி மட்டும் எங்கேயும் போகாது.

நெட்கன்சோலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிரிண்ட்கேயின் சேதிகளையே நெட்வொர்க்கில் யூடிபி வழியாக இன்னொரு கணினிக்கு அனுப்பும். பாதை வேறு என்பது பெரிய பிளஸ். நெட்வொர்க் கார்டு எழுந்து நிற்கும்வரை ஊமை என்பது மைனஸ். இதை வைத்துக்கொண்டு பழைய சீரியல் கன்சோலையும் பூட் வரியில் அப்படியே விட்டுவைக்காதீர்கள், பிறகு பழைய கதைதான்.

கேஜிடிபி. பெயரைக் கேட்டதும் கண் விரியும், ஓடும் கெர்னலையே ஜிடிபி என்ற டீபக்கரில் நிறுத்திப் பார்க்கலாமே என்று. 2.6.26 இலிருந்து, அதாவது 2008 முதல், மெயின்லைனில், அதாவது அதிகாரபூர்வ கெர்னலில், இருக்கிறது. ஆனால் அது நம்மோடு பேசும் வழி என்ன? பெரும்பாலும் சீரியல் போர்ட். அதற்கு உங்கள் டிரைவர் இன்டரப்ட் இல்லாமலே ஓர் எழுத்தை வாங்க ஒரு செயல்பாடும் அனுப்ப ஒரு செயல்பாடும் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். புதிதாக எழுதும் டிரைவரில் அவை இருக்காது, இல்லாத போர்ட்டில் கேஜிடிபி ஒட்டவும் ஒட்டாது. ஆக டிரைவரைச் சரிசெய்யும் கருவி ஓடுவதற்கு முதலில் டிரைவர் சரியாக ஓட வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் என்பார்களே, அதேதான்.

இன்னொன்று, பிரேக்பாயிண்டில், அதாவது நிறுத்தச் சொல்லிக் குறித்த இடத்தில், நின்றால் எல்லா சிபியுவும் நிற்கும். ஆனால் கம்பியின் அந்தப் பக்கம் இருக்கும் கணினி நிற்காது, அது பாட்டுக்கு எழுத்துகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். பேஸ்ட் பக்குக்கு இதை எடுத்துக்கொண்டு போவது வீண் வேலை. இரண்டு யூஆர்ட் உள்ள போர்டில், ஒழுங்காக ஓடும் போர்ட்டில் கேஜிடிபியை வைத்து மற்றதை ஆராய்வது என்றால் சரி. அப்போதும், கெர்னல் எங்கோ மாட்டி நிற்கிறது, எங்கே என்று பார்க்க வேண்டும் என்ற மாதிரிக் கேள்விகளுக்குத்தான் நான் இதைத் தொடுவேன்.

கீமு வேறு உலகம். கெர்னலை மெய்நிகர் கணினியில் ஓட்டி, வெளியிலிருந்து ஜிடிபியை 1234 போர்ட்டில் மாட்டினால், உள்ளே இருக்கும் கெர்னலுக்குத் தன்னை யாரோ பார்க்கிறார்கள் என்பதே தெரியாது. டெர்மினல் டிரைவர் முழுக்க நாசமாகி இருந்தாலும், கன்சோலில் ஓர் எழுத்துகூட வராவிட்டாலும், கருவி ஓடும். முதல் கட்டளையிலேயே நிறுத்தி வைத்துத் தொடங்கலாம். நிறுத்தினால் உள்ளே கடிகாரமும் சேர்ந்து நிற்பதால் டைமர்கள் கோபித்துக்கொள்வதும் இல்லை. முகவரிகளைக் கலைத்துப்போடும் கேஏஎஸ்எல்ஆரை பூட் வரியில் அணைக்க மட்டும் மறக்காதீர்கள், மறந்தால் பிரேக்பாயிண்ட் எதுவும் விழாது, ஏன் விழவில்லை என்றும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

‘அண்ணன்’ பக்குக்கு இதைவிட நல்ல வழி இல்லை. என்-டிடிஒய் கோப்பில் எரேசர் என்று ஒரு செயல்பாடு இருக்கிறது, அதில் பிரேக்பாயிண்ட் வைத்து ஒரு பேக்ஸ்பேஸ் தட்டினால் போதும். டெர்மினலில் ஐயுடிஎஃப்8 கொடி (உள்ளீடு யுடிஎஃப்-8 என்று சொல்லும் அமைப்பு) ஏற்றியிருந்தால், பின்னோக்கிப் போகும்போது யுடிஎஃப்-8 இன் தொடர்ச்சி பைட்டுகளைத் தாண்டி, ஒரு குறியீட்டின் மூன்று பைட்டையும் சேர்த்து அழிக்கிறது. அதுவரை சரி. கொடி இல்லாவிட்டால் பைட் பைட்டாக, பதினெட்டுத் தட்டு. அழித்த பிறகு திரைக்கு என்ன அனுப்புகிறது என்று பாருங்கள்: பின்னால் ஓர் அடி, ஓர் இடைவெளி, மறுபடி பின்னால் ஓர் அடி. எந்த எழுத்துக் குறியீடாக இருந்தாலும் இதேதான். புள்ளியா, உயிர்மெய்யா, திரையில் இடம் பிடிக்குமா பிடிக்காதா என்ற கேள்வியே அந்தக் கோடில் இல்லை. ஆறு குறியீடுகளுக்கு ஆறு அடி பின்னால், திரையில் இருந்தது நான்கு. பத்து நிமிடத்தில் கண்முன்னால் விடை. எழுத்தகல அட்டவணையைக் கெர்னலுக்குள் இழுத்து வர வேண்டுமா, இதை ரீட்லைன் மாதிரியான நூலகத்திடம் விட்டுவிடலாமா என்பது வேறு பஞ்சாயத்து.

பேஸ்ட் பக்கையும் கீமுவிலேயே பிடித்துவிடலாம் என்று நம்பி இரண்டாம் நாளை அதில் போட்டேன். ஒருமுறைகூட எழுத்து தொலையவில்லை. தொலையவும் தொலையாது, ஏனென்றால் கீமுவின் போலி யூஆர்ட் தன் ஃபிஃபோவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்து அந்த அளவுக்குத்தான் வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளும். நிஜக் கம்பி அப்படிக் கேட்டுக்கொண்டு நிற்காது. மண்குதிரை என்று திட்ட மாட்டேன், அது ஆற்றில் இறங்கச் செய்த குதிரை இல்லை, அவ்வளவுதான்.

இனி எஃப்ட்ரேஸ். இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 2.6.27 இலிருந்து கெர்னலோடு வருகிறது, தொடங்கியவர் ஸ்டீவன் ராஸ்டெட். செயல்பாடுகளின் நுழைவையும் வெளியேற்றத்தையும் ஒவ்வொரு சிபியுவுக்கும் தனியாக உள்ள நினைவக பஃபரில் குறித்துக்கொள்ளும். கன்சோல் பக்கமே போகாது. ட்ரேஸ்-பிரிண்ட்கே என்று ஒன்று இருக்கிறது, பார்க்கப் பிரிண்ட்கே மாதிரியே, ஆனால் சேதி போவது அந்த நினைவக பஃபருக்கு. இன்டரப்ட் கையாளிக்குள், லாக்கைப் பிடித்தபடியே, தைரியமாகப் போடலாம். கோடில் அதை வைத்து பூட் செய்தால், இது சோதனைக் கெர்னல், உற்பத்திக்கு ஆகாது என்று பெரிய கட்டம் கட்டி எச்சரிக்கும், பயப்பட வேண்டாம்.

மூன்றாம் நாள் காலையில்தான் எனக்கு இது தோன்றியது. அதற்கு முன் இன்னும் ஒரு மலிவான விஷயம் செய்தேன், அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்: ப்ராக் கோப்பகத்துக்குள் டிடிஒய், அதற்குள் டிரைவர், அதற்குள் சீரியல் என்ற கோப்பை ரூட்டாகப் படிப்பது. ஒவ்வொரு போர்ட்டுக்கும் எத்தனை எழுத்து போனது, வந்தது, கூடவே ஓஈ என்று போட்டு எத்தனை ஓவர்ரன் (இடமில்லாமல் தொலைந்தவை) என்று காட்டும். ஒவ்வொரு பேஸ்ட்டுக்கும் ஓஈ ஏறிக்கொண்டே வந்தது. ஆக லைன் டிசிப்ளின் அப்பாவி, எழுத்து வன்பொருளிலேயே தொலைகிறது.

16550ஏ-வுக்கு லினக்ஸ் வைக்கும் வழக்கமான அளவு, ஃபிஃபோவில் எட்டு எழுத்து சேர்ந்ததும் இன்டரப்ட். மீதி எட்டு இடம் நிரம்ப 700 மைக்ரோவினாடி ஆகும். அதற்குள் யாராவது வந்து அள்ளிவிட வேண்டும். அப்படியானால் யார் 700 மைக்ரோவினாடிக்கு மேல் இன்டரப்ட்டை மூடி வைத்திருப்பது? எஃப்ட்ரேஸில் ஐஆர்க்யூஸ்-ஆஃப் என்ற டிரேசர் சரியாக இந்த ஒரே கேள்விக்காகவே இருக்கிறது. அதை ஏற்றிவிட்டு பேஸ்ட் செய்தேன். அதிகபட்சம் 900 மைக்ரோவினாடிக்கு மேல் காட்டியது, மூடியது யார், திறந்தது யார் என்ற பெயர்களோடு.

எஃப்ட்ரேஸுக்கும் குறை உண்டு. கணினி முழுதாக உறைந்து போனால் பஃபரும் அதோடு போச்சு. ஊப்ஸ், அதாவது கெர்னல் பிழை, வந்தால் பஃபரைக் கொட்டச் சொல்லலாம், ஆனால் கொட்டுவது கன்சோலில், மறுபடியும் அதே வாய். ராம்-ஊப்ஸ் அமைத்து வைத்தால் கடைசிச் சேதிகள் ரீபூட்டைத் தாண்டியும் பிழைக்கலாம், அதற்கு நினைவகத்தில் முன்கூட்டியே இடம் ஒதுக்க வேண்டும். பூட்டின் ஆரம்பத்திலேயே விழுந்துவிடும் டிரைவருக்கு எஃப்ட்ரேஸ் பெரிதாக உதவாது, அங்கே கீமு அல்லது ஜேடேக் என்ற வன்பொருள் இணைப்புதான்.

இந்த இரண்டு ரகத்திலும் சேராத மூன்றாவது ரகம் ஒன்று உண்டு: இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதும்போது மட்டும் வெடிப்பது. சிவிஇ-2014-0196 என்ற ஓட்டை அப்படித்தான், என்-டிடிஒய் எழுதும் பாதையில் 2009 இல் நுழைந்து ஐந்து வருடம் யார் கண்ணிலும் படாமல் இருந்தது. அதே 2009 இல்தான் கெர்னலின் டிடிஒய் (டெர்மினல்) பகுதியைக் கவனித்துவந்த ஆலன் காக்ஸ், அந்தப் பராமரிப்பே வேண்டாம் என்று விலகிப் போனார். அந்த ரகத்துக்கு மேலே சொன்ன நான்கும் போதாது, லாக் தவறுகளைப் பிடிக்கும் லாக்டெப், நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் கேசான் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, சிஸ்காலர் மாதிரி, தாறுமாறான உள்ளீடு கொடுத்துச் சோதிக்கும் ஃபஸ்ஸரை இரவு முழுக்க ஓட விட வேண்டும்.

என் பேஸ்ட் பக் எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். டிரேசர் காட்டிய பெயர் சீரியல் சம்பந்தப்பட்டதே இல்லை, ஒரு சென்சார் டிரைவர். பதில் வரும்வரை இன்டரப்ட்டை மூடிக்கொண்டு சுழன்று காத்திருந்தது. தற்காலிகமாக ஆர்எக்ஸ் டிரிக்கர் அளவை (எத்தனை எழுத்து சேர்ந்ததும் இன்டரப்ட் என்பதை) எட்டிலிருந்து நான்காகக் குறைத்தேன், அவகாசம் ஆயிரம் மைக்ரோவினாடியைத் தாண்டியது, ஓஈ அப்படியே நின்றது. அப்புறம் சென்சார் டிரைவரில் அந்தக் காத்திருப்பை இன்டரப்ட் மூடாத இடத்துக்கு நகர்த்தி, டிரிக்கரைப் பழையபடி எட்டுக்கே வைத்தேன். மூன்று நாள் குடைந்த யூஆர்ட் டிரைவரில் கடைசியில் செய்த ஒரே மாற்றம், நான் போட்டிருந்த பதினோரு பிரிண்ட்கேக்களை எடுத்ததுதான்.