ஒவ்வாத கோதுமையை என்ன செய்வது: வாயடைப்பதா, வெட்டுவதா, கதிர் பாய்ச்சுவதா?

"குளூட்டன் அலர்ஜி இல்லாத கோதுமை கண்டுபிடிச்சாச்சு" என்ற செய்தி அவ்வப்போது வாட்ஸ்அப்பில் சுற்றி வருகிறது. உள்ளே போய்ப் படித்தால் ஒரு முறை ஸ்பெயின், ஒரு முறை கலிஃபோர்னியா, இன்னொரு முறை ஆஸ்திரேலியா, அதுவும் கோதுமைகூட இல்லை, பார்லி. செய்த வேலை வேறு, குறிவைத்த நோய் வேறு. எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள்.

முதலில் நோயைப் பிரிப்போம். சீலியாக் நோய் சரியாகச் சொன்னால் அலர்ஜியே இல்லை. குளூட்டன் உள்ளே போனதும் உடலின் எதிர்ப்பாற்றல் தன் சொந்தச் சிறுகுடலையே தாக்குகிற நோய், உலகில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு உண்டு. கோதுமை அலர்ஜி வேறு: ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் வழியாகத் தடிப்பு, மூச்சுத் திணறல் என்று சட்டென்று வருவது. பேக்கரியில் மாவுத்தூசியைச் சுவாசித்து வரும் ஆஸ்துமா இதில் ஒரு வகை. கோதுமை சாப்பிட்டுவிட்டு ஓடியாடினால் மட்டும் ஆளைச் சாய்க்கிற விநோதமான வகையும் இருக்கிறது. அதற்கு ஒமேகா-5 கிளையடின் என்ற ஒரு புரதக் குடும்பம்தான் முக்கியக் குற்றவாளி. சீலியாக்குக்கோ குற்றவாளிகள் ஒரு கூட்டமே உண்டு.

அந்தக் கூட்டம்தான் தலைவலி. குளூட்டன் என்பது கிளையடின், குளூட்டெனின் என்ற இரண்டு வகைப் புரதங்கள் சேர்ந்தது. சப்பாத்தி மாவு இழுபடுவதும், பரோட்டாவை வீசும்போது கிழியாமல் விரிவதும் இந்த இரண்டும் சேர்ந்து செய்கிற வேலை. ரொட்டிக் கோதுமை மூன்று புல்லினங்கள் கலந்து பிறந்தது, அதனால் ஏ, பி, டி என்று மூன்று மரபுத்தொகுப்புகள், ஒவ்வொன்றிலும் கிளையடின் மரபணுக்கள் கொத்துக் கொத்தாக. ஆல்ஃபா கிளையடினுக்கு மட்டுமே ஒரு ரகத்தில் பல பத்து மரபணுக்கள் இருக்கும். அதில் வரும் 33 அமினோ அமிலம் நீளமுள்ள ஒரு துண்டை நம் செரிமான நொதிகளால் வெட்ட முடிவதில்லை, சீலியாக்கைக் கிளப்புவதில் அதுதான் முதல் ஆள்.

சரி, வழிகளுக்கு வருவோம். ஸ்பெயினில் கோர்டோபா நகரத்தில் பிரான்சிஸ்கோ பார்ரோவின் ஆராய்ச்சிக் குழு வாயடைப்பது, வெட்டுவது என்ற இரண்டு வழிகளையும் முயன்றிருக்கிறது என்பதால் ஒப்பிட வசதி. 2010-ல் அவர்கள் வெளியிட்டது வாயடைக்கும் வழி: மரபணு அப்படியே இருக்கும், ஆனால் அதன் செய்தி புரதமாக மாறும் முன் ஆர்என்ஏ குறுக்கீட்டால் அழிக்கப்படும். சீலியாக் நோயாளிகளின் டி செல்களில், அதாவது குளூட்டனைக் கண்டு கொதிக்கும் எதிர்ப்பாற்றல் செல்களில், சோதித்தபோது சில செல்கள் அசையவே இல்லை, மற்றவற்றில் எதிர்வினை 10 முதல் 100 மடங்கு குறைந்தது. ஒரே ஏற்பாட்டால் மொத்தக் குடும்பத்தையும் அடக்கலாம் என்பது இதன் பெரிய பலம். பலவீனம், அந்த ஏற்பாடு செடிக்குள் தலைமுறை தலைமுறையாக இருந்தாக வேண்டும். அதாவது சட்டப்படி இது சந்தேகத்துக்கு இடமில்லாத மரபணு மாற்றுப் பயிர்.

2018-ல் அதே குழு, மரபணுவைக் குறி பார்த்து வெட்டும் கருவியான கிரிஸ்பரை எடுத்தது. இங்கே வாயடைப்பது இல்லை, மரபணுவையே வெட்டிக் கெடுப்பது. அப்படி உருவாக்கிய ஒரு செடி வரிசையில் 45 ஆல்ஃபா கிளையடின் மரபணுக்களில் 35 கெட்டுப்போயின, நோயெதிர்ப்பைத் தூண்டும் தன்மை 85 சதவீதம் குறைந்தது. வெட்டிய கருவியைப் பின்னால் கலப்பின் மூலம் வெளியேற்றிவிடலாம், செடியில் அயல் மரபணு மிஞ்சாது. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் வாயடைப்பதைவிட வெட்டுவதன் பக்கம் சாய்வேன்.

ஆனால் அந்த 85 சதவீதத்தைப் பார்த்து யாரும் கைதட்டுவதற்கு முன் ஒரு கணக்கு. ஒரு கிலோ கோதுமை மாவில் சுமாராக 100 கிராம் குளூட்டன் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 85 சதவீதம் போனாலும் 15 கிராம் மிச்சம், அதாவது 15,000 மில்லிகிராம். குளூட்டன் இல்லாத உணவு என்று சொல்ல சர்வதேச உணவுத் தரமான கோடெக்ஸ் அனுமதிப்பது கிலோவுக்கு 20 மில்லிகிராம். தூண்டும் தன்மையும் எடையும் ஒன்றல்ல என்று யாராவது சண்டைக்கு வரலாம், வரட்டும். இடைவெளி எவ்வளவு என்று காட்டத்தான் சொல்கிறேன். சீலியாக் நோயாளிக்கு "குறைந்த குளூட்டன்" என்பது "குறைந்த விஷம்" மாதிரிதான்.

கலிஃபோர்னியா வழி இதைவிடப் பழைய பாணி. டேவிஸ் பல்கலைக்கழகத்தில் விதையில் காமா கதிரைப் பாய்ச்சி, குரோமோசோமில் துண்டு துண்டாக விடுபட்டுப்போன செடிகளைத் தேடி எடுத்திருக்கிறார்கள். அந்த 33 அமினோ அமிலத் துண்டு டி தொகுப்பின் 6-வது குரோமோசோமில் இருக்கும் மரபணுக்களிலிருந்து வருகிறது. அங்கிருந்த ஆல்ஃபா கிளையடின்களை நீக்கினால் மாவு கெட்டுப்போகும் என்றுதானே நினைப்போம்? மாறாக, குளூட்டனின் வலு கூடியது. நோயாளிக்கு இதுவும் பாதுகாப்பு இல்லை, அவர்களும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் விவசாயிக்கும் பேக்கரிக்கும் இதை வாங்க ஒரு காரணம் கிடைக்கிறது, எல்லோரும் சாப்பிடும் ரொட்டியில் தூண்டும் துண்டு குறைகிறது. என் கணிப்பில் வயலுக்கு முதலில் போகக்கூடிய கோதுமை இந்த மாதிரிதான்.

சட்டம் செய்யும் வேடிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2018 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம், கிரிஸ்பரால் திருத்திய பயிரும் மரபணு மாற்றுப் பயிர்களுக்கான சட்டத்துக்குக் கட்டுப்பட்டதுதான் என்று தீர்ப்புச் சொன்னது. கதிர் பாய்ச்சிக் கண்மூடித்தனமாக உடைத்ததற்கோ பழைய நுட்பம் என்று விலக்கு. குறி பார்த்து வெட்டினால் கேள்வி, குருட்டாம்போக்கில் உடைத்தால் கேள்வி இல்லை. இந்தியா 2022 மார்ச்சில், அயல் மரபணு சேராத திருத்தங்களுக்குச் சில கடுமையான விதிகளிலிருந்து விலக்குக் கொடுத்தது. எனவே இங்கே கிரிஸ்பர் கோதுமைக்கு வழி இருக்கிறது, ஆர்என்ஏ குறுக்கீட்டுக் கோதுமைக்கு அந்தச் சலுகை கிடையாது.

இந்தப் பந்தயத்தில் உண்மையில் கடைக்கு வந்து சேர்ந்தது எது தெரியுமா? மரபணு மாற்றமே இல்லாத பார்லி. ஆஸ்திரேலியாவின் அரசு ஆராய்ச்சி நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ, பார்லியின் குளூட்டனான ஹோர்டீனில் வெவ்வேறு பகுதி இல்லாத மூன்று பார்லிகளைச் சாதாரணக் கலப்பில் சேர்த்து 'கெபாரி' என்ற ரகத்தை உருவாக்கியது. குளூட்டன் கிலோவுக்கு சுமார் 5 மில்லிகிராம், கோடெக்ஸ் வரம்புக்குக் கீழே. 2016-ல் ஜெர்மனியில் அதிலிருந்து பீர் வந்துவிட்டது. சொந்த ஊரில்தான் சங்கடம், ஆஸ்திரேலிய விதிப்படி குளூட்டன் கண்டுபிடிக்கவே முடியாத அளவில் இருந்தால்தான் 'இல்லை' என்று எழுதலாம். பார்லிக்கு ஏன் முடிந்தது? அதற்கு ஒரே மரபுத்தொகுப்பு, மூன்று இல்லை. அப்புறம் பீருக்கு மாவு உப்ப வேண்டாம், இழுபடவும் வேண்டாம்.

அதே தர்க்கம் ஒமேகா-5 அலர்ஜிக்கும் பொருந்தும். அதன் மரபணுக்கள் பி தொகுப்பின் 1-வது குரோமோசோமில் ஒரே பக்கம் குவிந்திருக்கின்றன. அமெரிக்க வேளாண் துறையின் ஆல்பனி ஆய்வகம் 'பியூட் 86' என்ற கோதுமை ரகத்தில் அவற்றின் வாயை அடைத்தது, மாவின் தரம் கெடவில்லை. ஜப்பானின் ஷிமானே பல்கலைக்கழகம் மரபணு மாற்றம் இல்லாமலே அந்தப் பகுதி விடுபட்ட கோதுமையைக் கலப்பில் உண்டாக்கியது. எனக்கு இரண்டில் ஜப்பான் வழிதான் பிடிக்கிறது, கலப்பிலேயே முடிகிற வேலைக்கு எதற்கு இத்தனை அனுமதிக் கடிதம்?

அரிசியைப் பற்றிச் சுருக்கமாக. 1990-களில் ஜப்பானில் அரிசியின் 14-16 கிலோடால்டன் மூலக்கூறு எடையுள்ள அலர்ஜிப் புரதத்தை எதிர்-ஆர்என்ஏ கொண்டு, அதுவும் ஒரு வகை வாயடைப்புதான், குறைத்தார்கள், குறைந்ததே தவிர ஒழியவில்லை. அதே காலத்தில் அழகுசாதனக் கம்பெனி ஷிசெய்டோ, ஆமாம் அதேதான், அரிசியை நொதியில் ஊற வைத்துப் புரதத்தை அழித்து 'ஃபைன் ரைஸ்' என்று விற்றது, 1993-ல் அரசு அங்கீகாரமும் வாங்கியது.

கடைசி வழி, சாப்பிடாமல் இருப்பது. இந்தியாவில் 23,331 பேரைப் பரிசோதித்து 2016-ல் வெளியான ஆய்வில், சீலியாக்குக்கு வழிவிடும் எச்எல்ஏ மரபணு வடக்கே 38.1 சதவீதம் பேரிடம், தெற்கே 36.4 சதவீதம் பேரிடம் இருந்தது, கிட்டத்தட்ட சமம். ஆனால் ரத்தத்தில் சீலியாக் எதிர்ப்பொருள் வடக்கே 1.23 சதவீதம், தெற்கே 0.10. ஒரு நாளைக்குச் சாப்பிட்ட கோதுமை வடக்கே 455 கிராம், நம் பக்கம் 25 கிராம். காரணம் இது ஒன்றேதான் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் இட்லிக்கும் ராகிக்கும் பழகியவர்கள் இதைக் கவனிக்கலாம்.

பஞ்சாபிலோ ஹரியானாவிலோ நோயாளியிடம் போய் ரொட்டியை விடு என்று சொல்வது அவ்வளவு சுலபம் இல்லை, அவர்களுக்காகத்தான் இந்த ஆராய்ச்சி முழுவதுமே. ஆனால் நாளைக்கே ஒரு பத்திரமான கோதுமை வந்துவிட்டாலும் அது பார்ப்பதற்குச் சாதாரணக் கோதுமை மாதிரியேதான் இருக்கும், அரைப்பது அதே தெரு மாவு மில்லில். முன்னால் வந்தவர் அரைத்த மாவில் ஒரு சிட்டிகை கல்லில் ஒட்டியிருந்தால் போதும்: 200 மில்லிகிராம் மாவில் 20 மில்லிகிராம் குளூட்டன், ஒரு கிலோவுக்கான வரம்பு அங்கேயே தீர்ந்தது.