காபா-ஏ ரிசெப்டரை அடைக்க எது: பிக்ரோடாக்சினா, பைகுகுலினா, கேபசைனா?

காபா நியூரான்களை அடக்கும் மூளை ரசாயனம்; காபா-ஏ ரிசெப்டர் அது வந்து உட்கார்ந்ததும் திறக்கும் குளோரைடு வாசல். நாகர்கோவில் பக்கம் மூளை ஸ்லைஸில் (உயிரோடு வைத்த மெல்லிய மூளைச் சீவலில்) மின் ரெக்கார்டிங் தொடங்குபவர்கள் முதலில் கேபசைனை வாங்குங்கள். காபா உட்காரும் இடத்திலேயே போட்டியிட்டு உட்காரும். 10 மைக்ரோமோலார் போதும். ஹைட்ரோபுரோமைடு உப்பாக 3.68 மில்லிகிராமை 1 மில்லி தண்ணீரில் கரைத்தால் 10 மில்லிமோலார் ஸ்டாக் (நீர்க்கச் செய்து பயன்படுத்தும் அடர்கரைசல்). ஆயிரத்தில் ஒரு பங்கு விட்டால் கணக்கு முடிந்தது. டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பான் வேண்டாம்.

பிக்ரோடாக்சின் நம் மேற்குமலைக் காடுகளிலும் படரும் காக்காய்க்கொல்லிக் கொடியின் விதைச் சரக்கு, 1812-ல் பிரித்தெடுக்கப்பட்டது. இது குளோரைடு வாசலின் துளையையே அடைக்கும், அதனால் காபாவைக் கூட்டினாலும் எளிதில் விலகாது. பொடியில் பாதி பிக்ரோடின்; வேலை செய்வது மறுபாதியான பிக்ரோடாக்சினின். தண்ணீரில் சரியாகக் கரையாது. 30.1 மில்லிகிராமை 1 மில்லி டி.எம்.எஸ்.ஓ.வில் கரைத்தால் 50 மில்லிமோலார். 200 மில்லி ஏ.சி.எஸ்.எஃப்.பில் (ஸ்லைஸை நனைக்கும் செயற்கை மூளைத் தண்டுவட நீரில்) 200 மைக்ரோலிட்டரை, ஸ்டிரர் ஓடும்போதே சொட்டுச் சொட்டாக விடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் வெள்ளையாகத் திரிந்துவிடும். கன்ட்ரோலிலும் (மருந்து போடாத ஒப்பீட்டுக் கரைசலிலும்) அதே 0.1 சதவீத டி.எம்.எஸ்.ஓ. இருக்கட்டும். கிளைசின் ரிசெப்டரையும் தொடும் என்பதால் தண்டுவட ஸ்லைஸுக்கு இது ஆகாது. கழுவினாலும் மெதுவாகத்தான் போகும். ஒரு ஸ்லைஸுக்கு ஒரு முறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பைகுகுலினில்தான் பலர் ஏமாறுகிறார்கள். உப்பாக்காத வெறும் பேஸ், பி.எச். 7.4-ல் நிலைக்காமல் பைகுசினாக உடைந்துவிடும். காலையில் கலந்ததை மாலையில் நம்ப முடியாது. மெத்தயோடைடு உப்பு தண்ணீரில் நன்றாகக் கரையும், நிலையாகவும் இருக்கும். ஆனால் நியூரான் சுடுவதைத் தணிக்கும் எஸ்.கே. என்ற பொட்டாசியம் வாசலையும் அடைக்கும். நியூரான் கூடுதலாகச் சுடுவது (மின்துடிப்பு விடுவது) காபா போனதாலா, எஸ்.கே. அடைபட்டதாலா என்று பிரிக்க முடியாமல் போகும்.

மூன்றில் எதைப் போட்டாலும் ஹிப்போகேம்பஸ் (மூளையின் நினைவுப் பகுதி) ஸ்லைஸ் வலிப்பு போல் வெடிக்கும். அதிலுள்ள சி.ஏ.3 என்ற பகுதியை வெட்டிவிட்டு, ஏ.சி.எஸ்.எஃப்.பில் கால்சியம், மெக்னீசியம் இரண்டையும் 4 மில்லிமோலாருக்கு உயர்த்தினால் அடங்கும். மனிதருக்கும் வலிப்பு வரவைக்கும் பொடிகள் இவை: கையுறை, மாஸ்க் இல்லாமல் எடை போடாதீர்கள்.

குமரியில் ஆனிச் சாரலும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. காற்றில் ஈரம் குறையாது. ஃப்ரீசரிலிருந்து எடுத்த குப்பியை மூடியபடியே அறைச்சூட்டுக்கு வரவிடுங்கள். குளிரோடு திறந்தால் உள்ளே நீர் கோர்த்து, எடையில் தண்ணீரும் சேரும்.