பரிசோதனைத் தாளா, ஆய்வுகூட அறிக்கையா: குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்தில் மீள்குடியேற்ற வீட்டுத் திட்டம் ஒன்றுக்கென ஒதுக்கப்பட்ட காணியின் நிலத்தடி நீரில், உரத்திலிருந்தும் மலக்கழிவிலிருந்தும் சேர்ந்து கைக்குழந்தைகளுக்குத் தீங்காகக்கூடிய நைத்திரேற்று என்ற நைதரசன் சேர்வை எவ்வளவு உள்ளது என மதிப்பிட வேண்டி வந்தபோது, எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒரு சில கிணறுகளில் ஒரே முறை மாதிரி எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவது ஒன்று. நிறம் மாறும் பரிசோதனைத் தாள்களைக் கொண்டு, காணியிலும் அயலிலும் உள்ள எல்லாக் கிணறுகளையும் பருவத்துக்குப் பருவம் சோதிப்பது மற்றையது. நாங்கள் இரண்டாவதைத் தெரிவுசெய்து, சில மாதிரிகளை மட்டும் ஆய்வுகூடத்தில் சரிபார்த்துக்கொண்டோம். இன்று கேட்டாலும் அதையே பரிந்துரைப்பேன்.

துல்லியத்தில் ஆய்வுகூடமே மேல். தாளின் நிற அட்டை 10, 25, 50, 100 எனப் படிகளாகவே காட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் எல்லையோ லீற்றருக்கு 50 மில்லிகிராம். எனவே எல்லையை ஒட்டிய கிணறுகளில் கண் தடுமாறும். ஆய்வுகூட அறிக்கையிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அளவு நைத்திரேற்றாகத் தரப்பட்டுள்ளதா, அதிலுள்ள நைதரசனின் எடையாக மட்டும் தரப்பட்டுள்ளதா என்று பார்க்காமல் எண்ணை எடுக்கக் கூடாது. நைத்திரேற்றாக 50 என்பது நைதரசனாக ஏறத்தாழ 11 மட்டுமே.

ஆனால் எங்கள் தெரிவைத் தீர்மானித்தது துல்லியம் அல்ல, காலம். குடாநாட்டின் அடியில் இருப்பது வெடிப்புகளும் குகைகளும் நிறைந்த சுண்ணாம்புக்கல். அதன் மேல் பல இடங்களில் மெல்லிய செம்மண் படை மட்டுமே. வெங்காயம், மிளகாய், புகையிலைத் தோட்டங்களுக்கு இடும் யூரியாவும் எருவும், வீடுகளின் மலசலகூடக் குழிகளிலிருந்து கசிவதும், ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மாரி மழையோடு விரைவாகக் கீழிறங்கிக் கிணற்றை அடையக்கூடும். அதே மழை, கிணற்று நீரை ஐதாக்கவும் செய்யும். இவற்றில் எது மேலோங்கும் என்பது கிணற்றுக்குக் கிணறு மாறும். அடுத்தடுத்த வளவுகளிலேயே வேறுபடலாம். அப்படிப்பட்ட நிலத்தில், கோடையில் ஒரு நாள் எடுத்த ஒரு போத்தல் நீரைத் தசமதானம் வரை அளந்து தரும் அறிக்கை, அந்த ஒரு நாளைப் பற்றி மட்டுமே உறுதியாகப் பேசுகிறது. காணியில் குடியேறப் போகிறவர்களோ வருடம் முழுவதும் அந்த நீரைக் குடிக்கப் போகிறார்கள்.

ஆய்வுகூட மாதிரியைக் குளிரில் வைத்து 48 மணி நேரத்துக்குள் அளக்க வேண்டும் என்பதால், அடிக்கடி எடுப்பது செலவும் சிரமமும் ஆகிறது. தாள் ஓரிரு நிமிடங்களில் விடை தருகிறது. கிணற்றுக்குரியவர் அருகில் நின்று நிறத்தைத் தாமே பார்க்கிறார், அடுத்த முறை தாமாகவே கேட்கிறார். இந்தப் பங்கேற்பு எனக்கு மிகவும் பெறுமதியானது. அதற்கு ஈடாகத் தாளுக்குப் பராமரிப்பு வேண்டும்: ஈரக்காற்று படாமல் குப்பியை உடனே மூட வேண்டும், காலாவதியானதைத் தவிர்க்க வேண்டும், செறிவு தெரிந்த கரைசலில் இடையிடையே சோதித்துப் பார்க்க வேண்டும்.

மாசு தோட்டத்திலிருந்து வருகிறதா, மலக்குழியிலிருந்து வருகிறதா என்பதைத் தாள் சொல்லாது. அதற்கு மலக் கலப்பைக் காட்டும் ஈகோலி பற்றீரியா, உப்பின் கூறான குளோரைட்டு போன்றவற்றையும் சேர்த்துப் பார்க்கும் ஆய்வுகூடம் தேவை. கடலோரத்தில் உப்புநீரும் குளோரைட்டைத் தருவதால் அங்கே அந்த விளக்கமும் சிக்கலாகும். நைத்திரேற்றை நீரிலேயே அளக்கும் கையடக்க மின்வாய்க் கருவிகளில் எனக்கு அனுபவம் குறைவு. குளோரைட்டு அவற்றின் அளவீட்டில் குறுக்கிடும் என்பதால், உவர்க் கிணறுகளுக்கு அவற்றைப் பரிந்துரைக்கத் தயங்குகிறேன்.

தாளில் 50 என்ற நிறத்தை நெருங்கும் எந்தக் கிணற்றையும் ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். முடிவு வரும்வரை அந்த நீரில் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கக் கூடாது; கொதிக்கவைப்பதால் நைத்திரேற்று நீங்காது, நீர் வற்ற வற்றச் செறிவே கூடும். ஒரு மாரியும் ஒரு கோடையும் கடந்த அளவீடுகள் கையில் இல்லாமல், வீட்டுத் திட்ட வரைபடத்தில் கிணற்றுக்கோ மலக்குழிக்கோ இடம் குறிக்க நான் உடன்பட மாட்டேன்.