பிளாட்டினம் என்று சொல்லி டின் சிலிகானை விற்கிறார்கள்: சாக்லேட் அச்சு செய்பவர்கள் கவனிக்கவும்

சாக்லேட், மிட்டாய், ஐஸ் என்று சாப்பிடுகிற பொருளுக்கு ரப்பர் அச்சு செய்பவர்களும், செய்யச் சொல்லிக் கொடுப்பவர்களும் இதைப் படித்துவிட்டு சிலிகான் வாங்குங்கள். திரவமாக ஊற்றும் சிலிகானை ரப்பராக இறுக வைக்க பிளாட்டினம் சேர்மம் சேர்த்தால் அது பிளாட்டினம் சிலிகான், டின் (வெள்ளீயம்) சேர்மம் சேர்த்தால் டின் சிலிகான். பிளாட்டினம் சிலிகானுக்குக் காசு வாங்கிக்கொண்டு டின் சிலிகானை என் தலையில் கட்டிவிட்டார் ஒரு வியாபாரி.

காரைக்குடியில் எனக்கு அச்சுப் பட்டறை. பழைய வீடுகளின் மர வேலைப்பாடு, சுதை உருவங்களை சிலிகானில் அச்சு எடுத்து பிளாஸ்டரில் வார்த்துக் கொடுப்பது தொழில். அதற்கு டின் சிலிகானே தாராளமாகப் போதும், விலையும் குறைவு. சமீபத்தில், வீட்டிலேயே சாக்லேட் செய்து விற்கும் ஆச்சி ஒருவர் நிலைக்கதவில் உள்ள தாமரைப் பூவை சாக்லேட்டில் கொண்டுவர அச்சு கேட்டார். "தம்பி, பிள்ளைங்க சாப்பிடுற பொருளுப்பா, பார்த்துச் செய்" என்று வேறு சொன்னார். உணவுக்கு ஏற்ற பிளாட்டினம் சிலிகான்தான் வேண்டும் என்று தெளிவாகச் சொல்லி, அதற்கான விலையைக் கொடுத்துத்தான் ஆர்டர் போட்டேன்.

வந்தது ஒரு பெரிய டப்பா, கூடவே கையடக்கமான ஒரு பாட்டில். டப்பாவில் கம்பெனி பெயர் இல்லை, பேட்ச் எண் இல்லை. 'பிளாட்டினம், ஃபுட் கிரேடு' என்று ஒரு ஸ்டிக்கர் மட்டும். நூறு பங்குக்கு மூன்று பங்கு கலக்கச் சொன்னார்கள். அங்கேதான் சந்தேகம் வந்தது. அச்சுக்கு ஊற்றும் பிளாட்டினம் சிலிகான் பெரும்பாலும் சரிபாதியாகவோ, பத்துக்கு ஒன்றாகவோ கலப்பதாக வரும். இரண்டு முதல் ஐந்து சதவீதம் கேட்டலிஸ்ட் (இறுக வைக்கும் பொருள்) என்பது டின் வகையின் அளவு. ஃபோன் போட்டுக் கேட்டால், "அண்ணே, இது புது ஃபார்முலா, கொஞ்சம் ஊத்தினாலே போதும்" என்றார்.

சரி, பேச்சு எதற்கு என்று சோதித்தேன். பிளாட்டினம் சிலிகானுக்குக் கந்தகம் ஆகவே ஆகாது. கந்தகம் கலந்த மாடலிங் களிமண், லேடெக்ஸ் கையுறை, அமீன்கள் எனும் சில வேதிப்பொருள்கள், டின் இவையெல்லாம் பட்ட இடத்தில் இறுகவே இறுகாது. அந்தக் களிமண்ணில் ஒரு வில்லை தட்டி, ஒரு பாதியில் வேறு இடத்தில் முன்பு வாங்கி மீதமிருந்த நல்ல பிளாட்டினத்தை ஊற்றினேன், மறு பாதியில் இந்தப் புது சரக்கை. மறுநாள் உரித்துப் பார்த்தால், நல்ல சரக்கு மேலே இறுகியிருந்தும் களிமண்ணைத் தொட்ட பக்கம் தேன் மாதிரி விரலில் ஒட்டியது. புது சரக்கோ களிமண்ணில் இருந்த என் கைரேகை உட்பட அச்சு அசலாகப் பதிந்து, காய்ந்து, சுத்தமாகக் கழன்று வந்தது. பிளாட்டினம் என்றால் அப்படி வந்திருக்கவே முடியாது.

இரண்டும் இறுகும் விதமே வேறு. டின் வகையில் சிலிகானின் மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று சேரும்போது ஆல்கஹால் பிரிந்து ஆவியாகும். அதற்குக் கொஞ்சம் ஈரப்பதமும் வேண்டும். ஆல்கஹால் வெளியேறுவதால் அச்சு நாளடைவில் சுருங்கும். பிளாட்டினத்தில் எதுவும் பிரிந்து வராது, சுருக்கமும் மிகக் குறைவு, சூடு காட்டினால் சீக்கிரம் இறுகும். எனக்குச் சுருக்கம் பெரிய கவலை இல்லை, டின்தான் கவலை. டின் வகையில் வழக்கமாகச் சேர்க்கும் டைபியூட்டைல்டின் டைலாரேட் என்ற கேட்டலிஸ்ட்டை இனப்பெருக்கத்துக்குக் கேடு தரும் பொருளாக ஐரோப்பிய ஒன்றியம் வகைப்படுத்தியிருக்கிறது. அந்த ரகத்தில் குழந்தைகளுக்கான சாக்லேட்டை ஊற்றச் சொன்ன ஆளை நினைத்தால் வயிறு எரிகிறது.

சோதனைப் படத்தை அனுப்பியதும் பேச்சு மாறியது. "எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க, யாரும் கம்ப்ளெய்ண்ட் சொன்னதில்லை." அப்புறம் ஃபோனையே எடுக்கவில்லை.

வாங்குவதற்கு முன்பே தொழில்நுட்பத் தகவல் தாள், பாதுகாப்புத் தகவல் தாள் இரண்டையும் கேளுங்கள். பிளாட்டினம் என்பதாலேயே உணவுக்கு ஏற்றதாகிவிடாது, அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் 177.2600 விதி போன்ற ஒன்றுக்கு உட்பட்டது என்று தயாரிப்பாளரே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். சில்லறையாகப் பிரித்து ஊற்றிய டப்பா வேண்டவே வேண்டாம்.

பழைய வீடு பராமரிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இடுக்கு அடைக்க, குழாய் மாதிரி டியூபில் வரும் சிலிகான் காற்றின் ஈரத்தில் இறுகும் வகை. புளிக்காடி வாடை அடித்தால் அது அசிட்டிக் அமிலத்தை வெளியிடும் ரகம். நம் ஊர்ச் சுண்ணாம்புப் பூச்சிலும் பளிங்கிலும் அதை வைக்க விடாதீர்கள், அமிலம் சுண்ணாம்பை அரிக்கும். 'நியூட்ரல் க்யூர்' (அமிலம் விடாமல் இறுகும் ரகம்) என்று எழுதியதைக் கேட்டு வாங்குங்கள்.

இதே மாதிரி ஸ்டிக்கர் டப்பா வாங்கியவர்கள் அதை பிளாஸ்டர் வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கலக்கிய டப்பாவையும் குச்சியையும் பிளாட்டினம் பக்கமே கொண்டுபோகாதீர்கள், ஒட்டியிருக்கும் டின்னே நல்ல சரக்கைக் கெடுத்துவிடும். பில், ஸ்டிக்கர், சோதனைப் படம் எல்லாவற்றையும் வைத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். பில் வைத்திருப்பவர்கள் நீங்களும் கொடுங்கள்.