ஹார்ட் டிஸ்க்குக்கு வாரண்டி உண்டு, கல்யாணப் படத்துக்கு இல்லை

கும்பகோணத்தில் பதினாறு வருடமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, சீமந்தம், மணிவிழா எல்லாம் எடுப்போம். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் எங்களுக்கு அரிசி மூட்டை மாதிரி, வருடத்துக்கு ஒன்றிரண்டு வாங்கியே ஆக வேண்டும். இத்தனை வாங்கிப் பழகிய நானே ஏமாந்தேன் என்பதால்தான் இதை எழுதுகிறேன். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. வேறு கம்பெனி டிரைவ் வாங்கியிருந்தால் தப்பித்திருப்பேன் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

2022-இல் ஆன்லைனில் வாங்கிய 4 டிபி போர்ட்டபிள் டிரைவ் அது. சட்டைப் பையில் அடங்கும் அளவு, மூன்று வருட வாரண்டி. விண்டோஸில் மாட்டினால் 3.63 டிபி என்றுதான் காட்டும். அது ஏமாற்று இல்லை. கம்பெனி ஆயிரம் ஆயிரமாகக் கணக்குப் போடுகிறது, விண்டோஸ் 1024 கணக்கில் போடுகிறது, அவ்வளவுதான். (இதற்காகக் கடைக்காரரோடு சண்டைக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.)

ஒன்றரை வருடம் ஒரு குறையும் இல்லை. 2024 மார்ச்சில் ஒரு நாள் காப்பி ஆகும் வேகம் நொண்டியது. விநாடிக்கு நூறு எம்பிக்கு மேல் போகும் டிரைவ் நாலு, அஞ்சு என்று இறங்கி, அப்படியே நின்று, மறுபடி ஏறியது. கேபிள் போய்விட்டது என்று நினைத்து வேறு கேபிள் மாட்டினேன். மறுநாள் மதியம் கடையில் ‘டக்... டக்... டக்’ என்று ஒரு சத்தம். உதவிக்கு இருக்கும் தம்பி, “அண்ணே, பல்லி சொல்லுது” என்று சுவரைப் பார்த்தான். நானும் டியூப்லைட் பக்கம் தேடினேன். சத்தம் மேஜையிலிருந்து வந்துகொண்டிருந்தது.

இப்போது தெரியும், அன்றைக்குத் தெரியாது: உள்ளே இருக்கும் தட்டில் தான் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று, அதைப் படிக்கும் முனையான ஹெட்டுக்குத் தெரியவில்லை என்றால், அது தன் இருப்பிடத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி முயற்சி செய்யும். அப்படிப் போய்ப் போய் வரும் சத்தம்தான் அது. அந்த நொடியில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. கேபிளைப் பிடுங்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும்.

நான் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன்.

இந்திக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு. தமிழுக்கு எண்ணே இல்லை. நாற்பது நிமிடம் ஒரே இசையைத் திரும்பத் திரும்பக் கேட்ட பிறகு ஒரு பெண் வந்தார். மரியாதையாகப் பேசினார், அதில் குறையில்லை. வேறு போர்ட்டில் மாட்டச் சொன்னார், மாட்டினேன். வேறு கணினியில் மாட்டச் சொன்னார், மாட்டினேன். “மேடம், டக் டக் என்று சத்தம் வருகிறதே” என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மூன்று தடவை சொன்னேன். அதற்கு அவரிடம் பதிலே இல்லை. கடைசியில் கருப்புத் திரையைத் திறந்து செக்டிஸ்க் கட்டளையை அடிக்கச் சொன்னார். பின்னால் எஃப், ஆர் என்று இரண்டு எழுத்து சேர்க்க வேண்டும், இரவு முழுக்க ஓட விட வேண்டும், காலையில் சரியாகிவிடும் என்றார்.

ஓட விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வந்து பார்த்தால் 11 சதவீதத்தில் நிற்கிறது. கழற்றி மாட்டினேன். ‘இந்த டிஸ்கைப் பயன்படுத்தும் முன் ஃபார்மேட் செய்ய வேண்டும்’ என்று விண்டோஸ் கேட்டது. மறுபடி அழைத்தேன், இந்த முறை ஓர் ஆண் குரல். “ஃபார்மேட் செய்து பாருங்கள், டிரைவ் நன்றாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும்” என்றார். அந்த ஒன்றை மட்டும் நான் செய்யவில்லை.

அந்தக் கட்டளை என்ன செய்யும் தெரியுமா? ஆர் என்ற எழுத்து டிஸ்க் முழுவதையும் ஓர் ஓரம் விடாமல் படிக்க வைக்கும். எஃப் என்ற எழுத்து, எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற பட்டியலைத் தனக்குத் தோன்றியபடி திருத்தி எழுதும். ஆரோக்கியமான டிஸ்க்குக்கு அது வைத்தியம். கால் முறிந்து கிடப்பவனை இரவு முழுக்க மாடிப்படி ஏறி இறங்கச் சொன்னது என் கதை. முதலில் டிடிரெஸ்க்யூ போன்ற மீட்பு மென்பொருள் ஒன்றை வைத்து, படிக்க முடிகிற பகுதியை வேறு டிஸ்க்கில் அப்படியே பிரதி எடுக்க வேண்டும். மற்றதெல்லாம் அந்தப் பிரதியில்தான். ஹெட் மோசமாகப் போயிருந்தால் அதையும் வீட்டில் செய்யக் கூடாது. இதைச் சொல்ல அவர்களுக்கு ஒரு நிமிடம் ஆகாது. ஆனால் அவர்கள் வேலை டிரைவைப் பற்றியது, அதில் இருக்கும் படங்களைப் பற்றியது இல்லை. அந்தப் பெண்ணைத் திட்டி என்ன பயன்? எதிரே திரையில் எழுதியிருந்ததை வாசித்தார்.

என் பெரிய தவறு இன்னொன்று: எல்லாவற்றையும் போனில் பேசினேன். பிறகு அந்த அழைப்பின் பதிவைக் கேட்டபோது தர முடியாது என்றார்கள். செக்டிஸ்க் ஓட்டச் சொன்னது அவர்கள்தான் என்பதற்கு இன்று என்னிடம் ஒரு வரி ஆதாரம் இல்லை. தயவுசெய்து மெயிலிலோ சாட்டிலோ கேளுங்கள்.

வாரண்டி இருந்தது. சீரியல் எண்ணைப் போட்டுப் பார்த்தால் 2025 வரை என்று பச்சையாகக் காட்டியது. அனுப்பினால் மாற்றித் தருவோம் என்றார்கள். உள்ளே இருக்கும் படங்கள்? அது உங்கள் பொறுப்பு, பழைய டிரைவ் திரும்பி வராது. வாரண்டித் தாளைத் தேடி எடுத்துப் படித்தேன். டேட்டா இழப்புக்குப் பொறுப்பல்ல என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. எந்தக் கம்பெனித் தாளிலும் இருக்கும், வாங்கும்போது யார் படிக்கிறோம். மாற்றித் தருவதும் பெரும்பாலும் புதிது இல்லை. இதற்கு முன்னால் ஒரு முறை எனக்கு வந்தது ரீசர்ட்டிஃபைடு லேபிள் ஒட்டிய டிரைவ், யாரோ திருப்பிக் கொடுத்ததைச் சோதித்து அனுப்பியது. அதற்கு வாரண்டி பழைய டிரைவில் மிச்சமிருந்த ஐந்து மாதம் மட்டும்.

டேட்டா எடுத்துத் தர அவர்கள் பரிந்துரைத்த மையம் நாற்பத்தைந்தாயிரத்திலிருந்து அறுபதாயிரம் ஆகலாம் என்றது. எனக்கு மூச்சு நின்றுவிட்டது. அந்த நேரத்தில்தான் திருச்சியில் ஒரு கடை கண்ணில் பட்டது. ‘டேட்டா இல்லையேல் கட்டணம் இல்லை’ என்று போர்டு.

போன உடனே ‘செக்கிங்’ என்று மூவாயிரம் வாங்கினார்கள். பில் கேட்டேன், ஒரு வெள்ளைச் சீட்டில் தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு மணி நேரம் ஆகும் என்றதால் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தேன். மேலே சீலிங் ஃபேன் ஓடுகிறது. மேஜையில் என் டிரைவ் மூடி கழற்றிக் கிடக்கிறது. நட்சத்திரத் தலைத் திருகாணிகள் ஒரு டவராவில் கிடந்தன. கண்ணாடி போல் மின்னிய தட்டில் அந்த ஃபேன் சுற்றுவது அப்படியே தெரிந்தது. ஓரத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை.

ஹெட் அந்தத் தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில்தான் பறக்கிறது. நம் தலைமுடியின் தடிமன் அதைவிடப் பல ஆயிரம் மடங்கு. அதனால்தான் தூசியே இல்லாத அறையில் மட்டும் அதைத் திறப்பார்கள். இங்கே தெருப் புழுதி முழுக்க ஜன்னல் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. “ஹெட் போயிருச்சு சார், போர்டு மாத்தினா ஓடிரும்” என்றார் அவர். ஹெட் போனால் டிரைவின் சர்க்யூட் போர்டை மாற்றி என்ன ஆகும்? கண் போனவருக்குச் செருப்பு மாற்றுகிற கதை. போர்டில் அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவுகள் ஒரு சிப்பில் இருக்கின்றன, அதே மாடல் போர்டை வாங்கி மாட்டினாலும் நேராக ஓடாது. பெட்டியைக் கழற்றி உள்ளே இருக்கும் டிஸ்கை மதர்போர்டில் மாட்டுவதும் பழைய கதை. பல போர்ட்டபிள் மாடல்களில் யுஎஸ்பி முனை போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், மதர்போர்டில் மாட்டும் சாட்டா முனையே கிடையாது. இதெல்லாம் பிறகு சென்னையில் ஒரு ரெக்கவரி மையத்தில் சொல்லித் தெரிந்துகொண்டது. அங்கே இருந்த இன்ஜினியர் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி, “இதை யார் திறந்தது?” தட்டில் வட்ட வட்டமாகக் கீறல் விழுந்துவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். காசு வாங்கவில்லை.

சரி, டிரைவாவது வரட்டும் என்று வாரண்டிக்கு அனுப்பினேன், கூரியர் செலவு என் தலையில். பத்து நாளில் திரும்பி வந்தது. சீல் உடைக்கப்பட்டுள்ளது, வாரண்டி செல்லாது. அந்த விஷயத்தில் அவர்கள் மேல் தப்புச் சொல்ல முடியாது.

இப்போது, அந்த டிரைவில் படங்கள் இருந்த கல்யாணம். பிப்ரவரியில் மகாமகக் குளத்துப் பக்கம் ஒரு மண்டபத்தில் நடந்தது. மாப்பிள்ளை பத்தாம் நாளே சிங்கப்பூருக்கு வேலைக்குத் திரும்பிவிட்டதால் ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுப்பது தள்ளிப்போனது. கேமரா கார்டுகளை நான் அடுத்த முகூர்த்தத்துக்காக அழித்துவிட்டேன். ஒரு கார்டு மட்டும் தப்பியது. எரர் காட்டுகிறது என்று தம்பி அதை மேஜை டிராயரில் போட்டு வைத்திருந்தான். திறந்து பார்த்தால் திறந்துகொண்டது. நானூறு படம், அத்தனையும் பந்தி. வாழையிலை, அப்பளம், மாமாக்கள், பாயச வாளி.

பெண்ணின் அப்பா கத்துவார் என்று எதிர்பார்த்துப் போனேன். அவர் லேப்டாப்பில் ஒவ்வொன்றாகப் பார்த்தார். “தம்பி, தாலி கட்டினதுக்குப் படம் இல்ல, பாயசம் ஊத்தினதுக்கு இருக்கா?” என்று மட்டும் கேட்டார். கத்தியிருந்தால் தேவலை.

வீடியோவிலிருந்து ஃப்ரேம் எடுத்து ஆல்பம் போட்டுக் கொடுத்தேன். அந்த வீடியோ 4கே இல்லை, ஃபுல் எச்டி, அகலத்தில் 1920 புள்ளிதான். எங்கள் ஆல்பம் 12-க்கு 36 இஞ்ச், பாதிப் பக்கமே 18 இஞ்ச். இஞ்சுக்கு 300 புள்ளி வேண்டிய இடத்தில் நூற்றுச் சொச்சம்தான் கிடைக்கும். மாங்கல்யதாரணப் பக்கம் பனிமூட்டத்தில் எடுத்தது போல இருக்கிறது. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்தத் தெருவிலிருந்து அதன் பிறகு ஒரு ஆர்டரும் வரவில்லை.

1915-க்கு அழைத்துப் புகார் கொடுத்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண் அது, தமிழிலேயே பேசினார்கள், புகார் எண்ணும் வந்தது. சில வாரத்தில் கம்பெனி ‘மாற்றித் தர முன்வந்தோம், வாடிக்கையாளர் சீலை உடைத்துவிட்டார்’ என்று பதில் போட்டது, புகாரை முடித்துவிட்டார்கள். உதவி எண்காரர்கள் நடுவில் நின்று பேசலாம், உத்தரவு போட முடியாது. அதற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். 2019 சட்டப்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. கெடு இரண்டு வருடம்.

இப்போது மாதம் ஒரு முறை எல்லா டிரைவையும் மாட்டி கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பார்க்கிறேன். டிஸ்க்கில் கெட்ட இடங்களைக் கணக்கிடும் 05, சி5, சி6 என்ற மூன்று வரியில் பூஜ்யம் இருக்க வேண்டும். அந்தக் கணக்கு பத்துக்குப் பதில் பதினாறை அடிப்படையாக வைத்த முறையில் எழுதியிருக்கும், 10 என்று இருந்தால் பதினாறு என்று அர்த்தம். பூஜ்யத்தைத் தாண்டி ஏறத் தொடங்கினால் அன்றே காலி செய்துவிடுவேன். ஒரு கல்யாணம் இரண்டு டிரைவில் போகிறது, வேறு வேறு கம்பெனி, ஒன்று கடையில், ஒன்று வீட்டில். ஆல்பம் கைக்குப் போகும் வரை கார்டை அழிப்பதில்லை. கார்டுக்கு ஆகும் செலவு ஒரு பந்திக் காசுகூட வராது.

கம்பெனி மேல் வழக்குப் போட என்னிடம் ஒன்றும் இல்லை. திருச்சிக்காரர் விஷயம் வேறு. அந்த வெள்ளைச் சீட்டில் கடைப் பெயர் இல்லை, ஆனால் கையெழுத்தும் தேதியும் இருக்கின்றன. பணம் அனுப்பிய ஜிபே பதிவும் இருக்கிறது. இது போதுமா என்று தெரிந்த வக்கீல் ஒருவரிடம் கேட்டேன், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வா, டிஸ்க்கையும் கொண்டு வா என்றார். வியாழக்கிழமை தஞ்சாவூர் போகிறேன்.